கொப்பிய மூடச் சொன்னா ஏன் முகம் மாறுது?

வேலைத்தலம் - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வி கிட்டத்தட்ட எல்லாமே ஒரே விசயத்தச் சுத்தித்தான். கடையில, ஒபிஸ்ல, ஹோட்டல்ல புதுசா ஒரு சொப்ட்வெயார் இல்லாட்டி ஒரு அப் கொண்டு வந்தாச்சு, ஆனா வேலை செய்யிற ஆக்கள் அதத் தொடுறாங்க இல்ல. அதால இந்த இதழ் முழுக்க அதுக்கே குடுத்திருக்கிறன். ஊர் மட்டும் போட்டிருக்கு, ஆக்கள்ட பேர் போடல்ல.

கேள்வி: அக்கா, மத்திய வீதிப் பக்கம் எங்கட அப்பா காலத்து ஹாட்வெயார் கடை. போன வருசக் கடைசியில பில் போடுற சொப்ட்வெயார் ஒண்டு வாங்கிப் பூட்டினன், ஸ்டொக்கும் அதுலயே பாக்கலாம். எங்கட கெஷியர் அண்ணை அப்பாவோட வேலைக்கு வந்தவர், தங்கமான மனுசன், ஆனா இதத் தொட மாட்டன் எண்டு நிக்கிறார். முதல்ல கண் தெரியல்ல எண்டார், பிறகு கரண்ட் போனா என்ன செய்யிற எண்டார், இப்ப நான் இல்லாத நேரம் கொப்பியில எழுதிப்போட்டு பின்னேரம் ஒரு பொடியனக் கொண்டு அடிப்பிக்கிறார். ஸ்டொக் ஒரு நாளும் சரி வாறதில்ல. வயசான ஆக்களுக்கு இதெல்லாம் ஏறாது எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. அவர நிப்பாட்டவும் மனசில்ல. (திருகோணமலை டவுன்)

தம்பி, முதல்ல அந்த வயசான ஆக்களுக்கு ஏறாது எண்ட கதைய விடுங்கோ. 2022 ஆடி மாசம் பெற்றோலுக்கு கியூஆர் வந்தது ஞாபகம் இருக்கும்தானே, மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோக்கு 5, காருக்கு 20 எண்டு தொடங்கினது. எந்த வகுப்புக்கும் போகாம, மகன்ட போன்ல பதிஞ்சு, வந்த ஓடிபி நம்பர வாசிச்சுச் சொல்லி, கொமியூனிகேஷன் கடையில பிரின்ட் எடுத்து லெமினேட் பண்ணி சாவிக் கொத்தோட கொழுவிக்கொண்டு வந்து நிண்ட ஐயாமார நாங்கள் எல்லாரும் பெற்றோல் செட்டில பாத்தம். எழுபது வயசிலயும் ஏறினது. ஏனெண்டா அதக் காட்டினா கையில பெற்றோல் கிடைச்சது, நாள்கணக்கா வரிசையில கிடக்கிறது குறைஞ்சது, போன் இல்லாட்டியும் கடதாசியக் காட்டலாம், பிழைச்சா ஒரு ஆள் கேலி பண்ணவும் இல்ல. 1989இல பிரெட் டேவிஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் கொம்பியூட்டர் பாவிக்கிற ஆக்கள வைச்சுப் பாத்து எழுதினதும் இதத்தான். ஒரு கருவிய ஆக்கள் எடுக்கிறதும் தள்ளி வைக்கிறதும் ரெண்டு விசயத்தில தங்கியிருக்கு, இது எனக்கு உதவுமா, இது எனக்கு லேசா இருக்குமா. அந்த ரெண்டுக்குள்ளயும் உதவுமா எண்டதுதான் கூடப் பாரம் எண்டு அவர் கண்டார்.

இப்ப அண்ணைட கதிரையில இருந்து பாருங்கோ. சொப்ட்வெயார் வந்ததால உங்களுக்கு ஸ்டொக் தெரியும், கொழும்புக்குப் போயிருந்தாலும் போன்ல விற்பனை தெரியும். அவருக்கு என்ன கிடைச்சது? ஒரு பாஸ் (மேசன்) வந்து நிண்டு, 12 எம்எம் கம்பி பத்து, சீமெந்து அஞ்சு, கட்டுக் கம்பி ரெண்டு கிலோ, அரை இஞ்சி எல்போ எட்டு எண்டு ஒரே மூச்சில சொல்லுவார், அண்ணைக்கு அத எழுதிக் கூட்ட அரை நிமிசம் போதும். கொம்பியூட்டர்ல அரை இஞ்சி எல்போ எண்டு தேடினா வராது, ஏனெண்டா கம்பனிக்காரன் ஏத்தின லிஸ்ட்ல அது 20 எம்எம் எண்டு இங்கிலீஷ்ல கிடக்கும். அவர் ஒற்றை விரலால தேட, பின்னால நிக்கிற நாலு பேர் கத்த, இத்தனை வருசமா கடையில ஆக விரைவான ஆளா இருந்த மனுசன் எல்லாருக்கும் முன்னால தடுமாறுற ஆளா மாறிப்போறார். கண் தெரியல்ல எண்டு சொன்னாலும் கரண்ட் எண்டு சொன்னாலும் உள்ளுக்க இருக்கிறது இந்த மானப் பிரச்சினைதான், அத வாய் திறந்து சொல்ல ஏலாதுதானே.

அதால நான் சொல்லுற முதல் வேலை, அந்த பொருள் லிஸ்ட அவர்ட கையில குடுங்கோ. அடிக்கிறதுக்கு இல்ல, பேர் வைக்கிறதுக்கு. அவர் பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல பொடியன் மாத்தட்டும், பாஸ்மார் எந்தப் பேரால கேக்கிறாங்களோ அந்தப் பேர்தான் லிஸ்ட்ல வரவேணும், 20 எம்எம்முக்குப் பக்கத்தில அரை இஞ்சி எண்டும் இருக்க வேணும், கூட ஓடுற சாமான் ஒரு முப்பது நாப்பதுக்கு சுருக்க நம்பர் வைக்கலாம். அந்த வேலைய உங்கட கடையில அவரத் தவிர ஒருத்தரும் சரியாச் செய்ய மாட்டாங்க, அத அவருக்குத் தெரியிற மாதிரி வாயால சொல்லுங்கோ.

ரெண்டாவது, பில்லில தொடங்காதீங்கோ, கடன் கொப்பியில தொடங்குங்கோ. மாசக் கடைசியில கொந்திராத்துக்காரர் வந்து என்ர கணக்கு எவ்வளவு எண்டு கேக்க, அண்ணை கொப்பியப் பிரட்டிப் பிரட்டிக் கூட்டி, அவங்க இல்ல அது நான் கட்டிற்றன் எண்டு சண்டைக்கு நிக்க, அந்தத் தலையிடி முழுக்க அவருக்குத்தான். அத கொம்பியூட்டர் ஒரு தட்டில திகதியோட பிரின்ட் எடுத்துக் குடுக்கிறத அவர் ஒருக்காப் பாக்கட்டும். ஆக்கள் குறைவான நேரத்தில செய்யிற வேலை எண்டபடியா கத்துறதுக்கும் ஒருத்தர் இருக்க மாட்டாங்க. ஹாட்வெயார் கடையில காலமை வேலைக்குப் போற பாஸ்மார் கூட்டம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடலாம், படிப்பிக்கிறதும் அந்த நேரத்திலதான், கடை பூட்டின பிறகு வீட்ட போற மனுசன மறிச்சு வைச்சு இல்ல. படிப்பிக்கிற ஆளும் நீங்களா இருக்க வேண்டாம், முதலாளிக்கு முன்னால பிழை விட எவருக்கும் கை நடுங்கும். உங்களுக்குத் தெரிஞ்ச வேற ஒரு கடையில அதே வயசு கெஷியர் ஒருத்தர் இந்த வேலை செய்வார், அவர ஒரு ரெண்டு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு இருத்துங்கோ.

கண் விசயம் உண்மையாவும் இருக்கலாம், கடைச் செலவில ஒருக்கா கண் காட்டி கண்ணாடி எடுத்துக் குடுங்கோ, ஸ்கிரீன்ல எழுத்தையும் பெருசாக்கி விடுங்கோ. கரண்ட் பயத்தையும் லேசா எடுக்காதீங்கோ, 2022 பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில இருந்து கொண்டு அந்த மனுசன் கேக்கிறது நியாயமான கேள்வி. கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் போடுற ஆக்கள் ரவுட்டர மறந்து போறாங்க, ரெண்டையும் அதுலயே குடுங்கோ. கரண்ட் போனா பழைய பில் புத்தகத்தில எழுதலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ, ஆனா கரண்ட் வந்த உடன அத அவரே ஏத்த வேணும். பின்னேரம் பொடியன் அடிக்கிற பழக்கத்த இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, ஸ்டொக் பிழைக்கிறது அந்த இடத்திலதான், எழுதின ஆள் ஒருத்தர் ஏத்துற ஆள் ஒருத்தர் எண்டா எப்பவுமே பிழைக்கும். கடைசியா ஒண்டு, இந்த மெஷின் வந்ததால உங்கட வேலை போகாது அண்ணை எண்டு அவருக்கு நேர சொன்னீங்களா? சொல்லாட்டி சொல்லுங்கோ, சொன்னா அதுல நில்லுங்கோ.

கேள்வி: மிஸ், நான் உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங் சுப்பவைசர். ரூம் கிளீன் பண்ணினா அப்பில போடோணும் எண்டு கொழும்பு ஒபிஸ்ல இருந்து ஓடர். எங்கட பிள்ளையள் நிலாவெளி, சாம்பல்தீவு, குச்சவெளிப் பக்கம், நல்லா வேலை செய்வாங்க, ஆனா அப் முழுக்க இங்கிலீஷ், தொடுறாங்க இல்ல. ரிசெப்ஷன்ல ரூம் இன்னும் ஊத்தை எண்டு காட்டும், கெஸ்ட் லொபியில காத்துக்கொண்டு நிப்பாங்க, ஏச்சு எனக்கு. (உப்புவெளி)

அந்தப் பிள்ளையள் நாள் முழுக்க வட்ஸ்அப்பில வொய்ஸ் போடுறாங்களா இல்லையா? போடுவாங்க. 204 முடிஞ்சு மிஸ், ஷவர் ஒழுகுது எண்டு உங்களுக்கே வந்திருக்கும். அப்ப போனுக்குப் பயந்த ஆக்கள் இல்ல அவங்க, அந்த அப்பில இருக்கிற மொழிதான் அவங்கள வெளியில நிப்பாட்டி வைச்சிருக்கு. முதல்ல அந்த அப்பில மொழி மாத்துற இடம் இருக்கா எண்டு பாருங்கோ, தமிழும் சிங்களமும் இருக்கலாம், ஒருத்தரும் தேடிப் பாக்காம விட்டிருப்பாங்க. இல்லாட்டி கம்பனியிட்ட எழுத்தில கேளுங்கோ. அதுவும் சரி வராட்டி, அவங்களுக்கு அந்த அப்பில தேவை மூண்டே மூண்டு பட்டன், தொடங்கியாச்சு, முடிஞ்சு, பழுது. மிச்சமெல்லாம் ரிசெப்ஷனுக்கும் மனேஜருக்கும். அந்த மூண்டையும் நிறத்தோட ஒரு சின்ன அட்டையில தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதி, ட்ரொலியில கட்டி விடுங்கோ.

பழுது எண்ட பட்டன்தான் இதுல உயிர். ஒரு பிள்ளை 204இல ஷவர் ஒழுகுது எண்டு படம் எடுத்துப் போட்டு, ரெண்டு நாளா ஒருத்தரும் வந்து பாக்கல்ல எண்டா, மூண்டாம் தரம் போட மாட்டா, போடக் கூடாது எண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் சொல்லுவா. அதே நேரம் காலமை போட்டு மத்தியானத்துக்குள்ள மெயின்டனன்ஸ் பொடியன் வந்து பூட்டிற்றுப் போனா, நீங்க ஏசாமலே அடுத்த நாள் எல்லாரும் போடுவாங்க. அதால உங்கட பிள்ளையளப் பழக்கிறதுக்கு முதல் மெயின்டனன்ஸ் பகுதியப் பழக்குங்கோ.

ஒரு ஆள் பதினாலு ரூம், இன்னொரு ஆள் எட்டு ரூம் செய்து போட்டு ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் களைச்ச கதை சொல்லுறது எந்த ஹோட்டல்லயும் இருக்கு. அப்பில முடிச்ச நேரம் விழுந்தா பதினாலு செய்த பிள்ளைக்குத்தான் லாபம், கிழமைக்கு ஒருக்கா அந்தக் கணக்க எடுத்து ரூம் பங்கிடுறத சரி பண்ணிக் காட்டுங்கோ. சொந்த போன்ல செய்யச் சொன்னா டேற்றாக் காசு ஹோட்டல்தான் குடுக்கோணும், மேல் மாடியில வைபை எடுக்குதா எண்டும் நீங்களே நடந்து பாருங்கோ. இன்னொரு விசயம், எங்கட கரைக்கு சுற்றுலா சீசன் சித்திரையில தொடங்கி புரட்டாதி மட்டும், அதுக்குள்ள புது அப் பழக்கப் போனா அழுகைதான் மிஞ்சும். கார்த்திகை மார்கழி மழைக்குள்ள, ரூம் பாதி வெறுமையாக் கிடக்கிற நேரம் பழக்க விடுங்கோ எண்டு கொழும்புக்குச் சொல்லுங்கோ.

கேள்வி: எனக்கு வயது 55. ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், எந்த அலுவலகம் என்று போட வேண்டாம். டைப்ரைட்டரில் பழகி, பிறகு கொம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் வேகமாக அடிப்பேன். இப்போது புது சிஸ்டத்தில் யூனிகோட்டில்தான் ஏற்ற வேண்டும் என்கிறார்கள், நான் அடித்தது எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது. புதிதாக வந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேட்கவும் வெட்கம். இன்னும் 5 வருடம்தான், பேசாமல் ஓய்வு எடுத்து விடலாமா என்று யோசிக்கிறேன். (மூதூர்ப் பக்கம்)

அக்கா, உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். ஓய்வு எண்ட கதைய இப்போதைக்கு ஒரு பக்கத்தில வையுங்கோ, ஏனெண்டா உங்கட பிரச்சினை ஒரு பின்னேரத்தில தீருற பிரச்சினை.

என்ன நடக்குது எண்டா, பாமினி எண்டது இங்கிலீஷ் எழுத்துக்கு மேல போட்ட ஒரு தமிழ்ச் சட்டை. நீங்க தமிழ் எண்டு அடிக்க, கொம்பியூட்டருக்குள்ள போய்ச் சேருறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். பாமினி எழுத்துரு இருக்கிற மெஷின்ல அது தமிழாத் தெரியும், இல்லாத இடத்தில ஜே கே பி ஓ எண்டே தெரியும். அதாலதான் சிஸ்டத்தில போட்ட உடன இங்கிலீஷா வருது, எக்ஸல்ல பேர் தேடினா அம்பிடாது, அகர வரிசைக்கு அடுக்கினா தாறுமாறா வரும். யூனிகோட்ல தமிழுக்கெண்டு தனி இடம் 1991இல வந்த முதல் பதிப்பில இருந்தே இருக்கு, அங்க அ எண்டா எந்த போன்லயும் எந்த நாட்டிலயும் அ தான். இதுல உங்கட பிழை ஒண்டுமே இல்ல, நீங்க படிச்ச காலத்தில எங்கட ஒபிஸ்களில இருந்தது பாமினிதான்.

நல்ல செய்தி என்னண்டா உங்கட விரல் பழகின பழக்கத்த நீங்க மறக்கத் தேவையில்ல. இ-கலப்பை மாதிரி இலவச விசைப்பலகை சொப்ட்வெயார்ல பாமினி எண்டே ஒரு தெரிவு இருக்கு, அதத் தெரிஞ்செடுத்தா உங்கட விரல் அதே இடத்தில அதே மாதிரி ஓடும், உள்ளுக்க விழுறது மட்டும் யூனிகோடா விழும். ஒபிஸ் மெஷின்ல பூட்ட அனுமதி வேணும், ஐடி பாக்கிற ஆளிட்ட பாமினி விசைப்பலகையோட யூனிகோட் போட்டுத் தாங்கோ எண்டு இதே சொல்லால கேளுங்கோ, கேக்கிற விதத்திலயே நீங்க விசயம் தெரிஞ்ச ஆள் எண்டு விளங்கும். வீட்டில பழக போனே போதும், ஜீபோர்ட் எண்ட கூகிள் விசைப்பலகையில தமிழச் சேர்த்து மைக்க அமத்திப் பேசினா அதுவே எழுதும், நீங்க வாசிச்சுத் திருத்தினாச் சரி.

பழைய பைல்கள மாத்துறதுக்கு இன்டர்நெட்ல பாமினி யூனிகோட் மாத்தி கனக்க இருக்கு. ரெண்டு கவனம். ஆக்கள்ட அடையாள அட்டை நம்பர், காணி விபரம், உதவித்தொகை விபரம் இருக்கிற பைல முன்பின் தெரியாத வெப்சைட்ல ஒட்டாதீங்கோ, ஒபிஸ் மெஷினுக்குள்ளயே மாத்துற வழிய கேளுங்கோ. மற்றது, கடிதத்துக்கு இடையில உண்மையான இங்கிலீஷ் சொல் இருந்தா மாத்தி அதையும் பாமினி எண்டு நினைச்சு விளங்காத தமிழாக்கிப் போடும், அதால மாத்தின பிறகு ஒரு வரி விடாம வாசிக்க வேணும். சிரிக்கிற பிள்ளையள விட அந்த வாசிப்ப நீங்க திறமாச் செய்வீங்க.

அந்தப் பிள்ளையளப் பற்றியும் சொல்ல வேணும். எந்தச் சுற்றறிக்கை எதால ரத்தாப் போனது, எந்த பைல் எந்த அலுமாரியில, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) எழுதிற கடிதம் எப்பிடித் தொடங்கும் எண்டது அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளையத் தனியாக் கூப்பிட்டு, மகள் இந்த யூனிகோட்ட எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ, அந்த மேலதிக நேரப் படிவம் நிரப்புறத நான் உங்களுக்குக் காட்டுறன் எண்டு சொல்லிப் பாருங்கோ. கும்பலாச் சிரிக்கிற பிள்ளையள் தனியக் கேட்டா நல்லாத்தான் நடப்பாங்க. இத வாசிக்கிற மேலதிகாரிமாருக்கும் ஒரு வார்த்தை, சிஸ்டம் மாறுது எண்டு ஒரு கடிதம் அனுப்பினாப் போதாது, முப்பது வருசம் உழைச்ச ஒரு அக்கா வெட்கப்பட்டு வேலைய விட யோசிக்கிற அளவுக்கு விட்டது உங்கட பொறுப்பு.

2023 தையில இருந்து ஓய்வு வயசு 60 எண்டு வந்திட்டுது, 2025 மாசியில கவ்பே தொடங்கி அரசாங்கத்துக்குக் கட்டுற காசும் போனுக்குள்ள வரத் தொடங்கிற்று. உங்களுக்கு இருக்கிற 5 வருசத்தில இந்த வேலை கூடும், குறையாது. நீங்க இருந்தாத்தான் போன் தெரியாம வாசலில வந்து நிக்கிற அம்மாமாருக்குப் பொறுமையாச் சொல்ல ஒரு ஆள் இருக்கும், இருங்கோ அக்கா.

கேள்வி: மிஸ், நான் சேல்ஸ் ரெப். கம்பனி ஒரு அப்ப எங்கட சொந்த போன்ல போடச் சொல்லுது. எங்க நிக்கிறம் எண்டு மேப்ல காட்டுமாம், ராவைக்கும் காட்டுமா எண்டு கேட்டா மனேஜர் சிரிக்கிறார். கூட வேலை செய்யிற நானா (அண்ணை ஒருத்தர்) போட மாட்டன் எண்டுட்டார். போடாட்டி வேலை போகுமா? (கிண்ணியா)

வேலை நேரத்தில எந்தக் கடைக்குப் போனீங்க எண்டு கம்பனி கேக்கிறதில ஒரு நியாயம் இருக்கு, ராவைக்கு வீட்டில இருக்கிறதக் கேக்கிறதில இல்ல. போட மாட்டன் எண்டு நிக்கிறத விட, நாலு கேள்விய எழுத்தில கேளுங்க: இந்த அப் என்னென்ன எடுக்குது, ஆர் பாக்கிறாங்க, எவ்வளவு காலம் வைச்சிருப்பாங்க, வேலை முடிஞ்சா லொக் அவுட் பண்ணலாமா. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இந்த நாட்டில இருக்கு, அதக் கடிதத்தில குறிச்சுக் கேட்டா சிரிப்பு நிண்டிடும். கம்பனி போன் தந்தா ஆக நல்லம், இல்லாட்டி உங்கட போன்ல லொகேஷன் அனுமதிய அப் பாவிக்கிற நேரம் மட்டும் எண்டு போடுங்க. நானாவையும் சேர்த்துக் கேளுங்க, ஒரு ஆளாக் கேக்கிறதும் எல்லாருமாக் கேக்கிறதும் வேற. மனேஜர்மார் விளங்க வேண்டியது, இப்பிடி ஒரு அப்பால நம்பிக்கை போச்சுதெண்டா பிறகு நீங்க கொண்டு வாற நல்ல அப்பையும் ஆக்கள் உளவு பாக்க வந்ததாத்தான் பாப்பாங்க.

கேள்வி: அரிசி ஆலை ஒண்டில கணக்கு எழுதுறன். நெல்லு வந்தா தராசுத் துண்டு, அதப் பாத்து சீஆர் கொப்பி (தடிச்ச மட்டைக் கணக்குக் கொப்பி), அதப் பாத்து எக்ஸல், இப்ப புதுசா ஒரு சொப்ட்வெயார். முதலாளி நாலையும் கேக்கிறார். டிஜிட்டல் எண்டா வேலை குறையும் எண்டாங்க, எனக்கு எல்லாம் கூடிப் போச்சு. (தம்பலகாமம்)

உங்கட கோபம் நியாயம். இது உலகத்தில பழைய கதை. அமெரிக்காவில 1882இல எடிசன்ட மின் நிலையம் வந்தது, ஆனா 1900 அளவிலயும் அங்க தொழிற்சாலை மெஷின்கள ஓட்டின சக்தியில 5 வீதம்கூட மின் மோட்டரால இல்ல. மோட்டர் வாங்கின ஆக்களும் நீராவி எஞ்சின் இருந்த இடத்தில பெரிய மோட்டர் ஒண்ட வைச்சு, அதே பழைய தண்டு, அதே பட்டி, அதே மாடிக் கட்டிடம் எண்டு ஓட்டினாங்க, பெருசா லாபம் வரல்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டர் பூட்டி, கட்டிடத்தையும் வேலை போற ஒழுங்கையும் மாத்தின பிறகுதான் 1920களில உற்பத்தி ஏறினது, பொருளியல் வரலாறு எழுதின போல் டேவிட் இத 1990இல கொம்பியூட்டரோட ஒப்பிட்டே எழுதினவர். உங்கட ஆலையில நடக்கிறதும் இதுதான், வேலை போற வழி அப்பிடியே இருக்க மேல மேல ஒண்டு ஏறுது.

முதலாளியிட்ட போய் வேலை கூடிப்போச்சு எண்டு சொல்லாதீங்கோ, அது முறைப்பாடாப் போயிடும். ஒரு லோட் நெல்ல எடுத்து, அது வாசலுக்கு வந்ததில இருந்து விவசாயிக்குக் காசு குடுக்கிற மட்டும் அந்த ஒரே நிறை எத்தினை இடத்தில எழுதப்படுது எண்டு ஒரு கடதாசியில கீறிக் காட்டுங்கோ. நிறை, ஈரப்பதன், நெல்லு வகை, விலை இந்த நாலும் தராசடியிலயே ஒரு தரம் சொப்ட்வெயார்ல விழுந்தா மிச்சமெல்லாம் அதுல இருந்து எடுக்கலாம். கொப்பியையும் அதையும் சேர்த்து ஒரு மாசம் ஓட்டுங்கோ, ஒவ்வொரு பின்னேரமும் ரெண்டு மொத்தமும் சரியா எண்டு முதலாளியே பாத்து ஒப்பம் வைக்கட்டும், அந்த மாசம் முடியிற திகதிய முதல் நாளே சுவரில எழுதுங்கோ. திகதி இல்லாட்டி நீங்க பென்சன் போற மட்டும் ரெண்டும் ஓடும். தராசுத் துண்டு மட்டும் இருக்கட்டும், அது விவசாயிட கையில போற சாட்சி. பெரும்போக அறுவடை நெல்லு மாசி பங்குனியில வந்து குவியிற நேரம் இதத் தொடங்க வேண்டாம்.

இன்னொரு சின்ன விசயம், ஆனா நாள் முழுக்க மண்டைய உடைக்கும். ஒரே விவசாயிட பேர் ஒரு இடத்தில கந்தசாமி, இன்னொரு இடத்தில கந்தசுவாமி, மற்ற இடத்தில முதலெழுத்தோட எண்டு கிடந்தா கொம்பியூட்டர் மூண்டு ஆள் எண்டு நினைக்கும். அடையாள அட்டை நம்பரால பதியுங்கோ, அதுலயும் பழசு 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதுசு 12 இலக்கம், அட்டை மாத்தின ஆள் ரெண்டு தரம் விழாமப் பாருங்கோ. நெல்லு வகைய அடிக்க விடாம நாடு, சம்பா, கீரிச் சம்பா எண்டு தெரிவு செய்யிற மாதிரி வைப்பியுங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி வேற இடத்திலயும் இருக்க வேணும், தவிட்டுத் தூசிக்குள்ள இருக்கிற மெஷின ஒரு நாளும் முழுசா நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கட பேக்கரியில போனால காசு கட்டுற லங்காகியூஆர் ஒட்டி வைச்சிருக்கிறம். கவுண்டர்ல நிக்கிற பிள்ளை கியூஆர் வேல செய்யல்ல, காசு தாங்கோ எண்டு வாற ஆக்களத் திருப்புறா. ஒரு தரம் ஆரோ பழைய ஸ்கிரீன்ஷொட்டக் காட்டி ஏமாத்திட்டுப் போனதில அந்தக் காச அவட சம்பளத்தில பிடிச்சனாங்கள், அதுக்குப் பிறகுதான் இப்பிடி. எப்பிடிச் சொல்லித் திருத்துறது? (நிலாவெளி)

அந்தப் பிள்ளை சரியாத்தான் கணக்குப் பாத்திருக்கிறா. கியூஆரால வாற லாபம் உங்களுக்கு, நட்டம் வந்தா தனக்கு எண்டு விளங்கிற்று, பிறகு ஏன் எடுக்கப் போறா? முதல்ல பிடிச்ச காச அடுத்த சம்பளம் வரக் காத்திராம இண்டைக்கே திருப்பிக் குடுங்கோ, மற்றப் பிள்ளையளுக்கும் தெரியிற மாதிரி குடுங்கோ. பிறகு ஒரு விதி போடுங்கோ, வாங்கிற ஆள்ட போன்ல என்ன தெரிஞ்சாலும் கணக்கில்ல, கடை போனுக்கு வங்கியில இருந்து செய்தி வந்தாத்தான் காசு வந்தது. கனக்க கடையில அந்தச் செய்தி வாற போன் முதலாளிட பொக்கற்றுக்க கிடக்கும், அவர் வெளியில போனா கவுண்டர்ல நிக்கிற ஆளுக்கு ஸ்கிரீன்ஷொட்ட நம்புறதத் தவிர வேற வழியில்ல. கவுண்டருக்கெண்டு ஒரு மலிவு போன வாங்கி, செய்தி அதுக்கு வாற மாதிரி வங்கியிட்டச் சொல்லி மாத்தி, அவட கைக்கு எட்டுற இடத்தில வையுங்கோ. நெற்வேக் இழுபட்டு செய்தி சுணங்கினா வாங்கின ஆள ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுற உரிமை அவவுக்கு இருக்கு எண்டும், அப்ப ஆரும் சத்தம் போட்டா நீங்க அவட பக்கம் எண்டும் சொல்லுங்கோ.